கணினிக்கு விகடகவி கற்பித்த கதை

திருச்சிராப்பள்ளியிலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து, நெ.1 டோல்கேட் வழியே துறையூர்ச் சாலையில் செல்வோர்க்கு, மண்ணச்சநல்லூர் வருமுன்னரே அவித்த நெல்லின் மணம் வந்துவிடும். பொன்னி அரிசியால் பெயர்பெற்ற ஊர் அது. அவ்வூர் அரிசி ஆலைகளுக்கிடையே, நண்பர் ஒருவர் வீட்டு மாடியில், ஞாயிறுதோறும் கணினி நிரல் கற்பிக்கும் வகுப்பொன்று ஓராண்டாக நடந்து வருகிறது. கற்போர்க்குக் கட்டணம் இல்லை. கற்பிப்போர்க்கு ஊதியமும் இல்லை. இதனைத் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என்று வினவுவோர் சற்றே பொறுத்தருள்க.

தன்னார்வலர் கூடிக் கணினி கற்பிப்பது தமிழகத்திற்குப் புதிதன்று. 1998இல் சென்னையில் லினக்ஸ் பயனர் குழு தோன்றியது. 2012 சனவரியில் பிறந்த 'கணியம்' மின்னிதழ் கணிநுட்பத்தை எளிய தமிழில் எவரும் படியெடுக்கும் உரிமையோடு வழங்கிற்று. விழுப்புரத்திலும் ஆர்வலர் குழுவொன்று சிற்றூர் மாணாக்கர்க்குக் கட்டணமின்றிக் கற்பித்து வந்துள்ளது. இன்னும் பின்னோக்கின், நம் அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் 1991ஆம் ஆண்டு எழுந்த அறிவொளி இயக்கத்தைப் பெரியோர் மறந்திரார். எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்பித்த இயக்கம் அது. எழுத்துக் கற்றவள் பிறர் துணையின்றி ஓரிடம் சென்றுவரவும் வேண்டுமன்றோ! அந்த நுட்பத்தை இன்றைய கல்வித் திட்டங்கள் பலவற்றில் காண்பதரிது.

நம் வகுப்பு ஒரே பாயில் அடங்கிவிடும் கூட்டமாகத் தொடங்கிற்று. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன்மாரும் அக்காமாரும் பெற்றுப் பரண்மேல் போட்டிருந்த பழைய கணினிகளைத் தூசு தட்டி, லினக்ஸ் ஏற்றி உயிர்ப்பித்தோம். கணினி இல்லாதோர் கைப்பேசியிலேயே நிரல் எழுதினர். ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்ததற்கும் கைப்பேசியே காரணம்: பல வீடுகளில் அது ஒன்றே, மற்ற நாள்களில் தந்தையுடன் வேலைக்குப் போய்விடும்.

கற்பித்தவர் இருவரும் மென்பொருள் துறை இளைஞர். நாமோ தமிழ் படித்தவர், நிரலறியோம். ஆயினும் முதல் பாடத்திற்கு எடுத்துக்காட்டு வேண்டும் என்று அவ்விளைஞர் கேட்டபோது, சன்னல்வழியே தெரிந்த நெற்களத்தைக் காட்டினோம். நெல்லை ஊறவை, அவியவை, களத்தில் பரப்பு. ஈரம் உள்ளவரை கிளறிக்கொண்டே இரு. உலர்ந்தபின் ஆலைக்கு அனுப்பு. 'உள்ளவரை' என்னும் அச்சொல்லில் நிரலின் சுழற்சி முழுதும் அடங்கிவிட்டது. ஆங்கிலத்தில் மும்முறை விளக்கியும் விளங்காதது, களத்தில் கால் பொசுக்கிய பிள்ளைகளுக்கு ஒரு நொடியில் விளங்கிற்று. இத்தகைய படிமுறைக்கு 'அல்காரிதம்' என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் ஆய்வு செய்த கணித மேதை அல்-குவாரிஸ்மியின் பெயரே இலத்தீன் வழியாக இவ்வாறு திரிந்தது. அதைக் கூறியபோது பின்வரிசைச் சிறுவர் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்ததையும் கண்டோம்.

"ஐயா, சான்றிதழ் கிடைக்குமா?" என்று தந்தையர் சிலர் கேட்டனர். கிடையாது என்றோம். அடுத்த ஞாயிறு அவர்தம் பிள்ளைகள் வரவில்லை. அவர்களைக் குறைகூறல் ஆகாது. மூட்டை சுமந்து பிள்ளையைப் படிக்கவைப்பவர் காகிதச் சான்று கேட்பது நியாயமே.

ஐந்தாம் திங்களில் வகுப்பே நின்றுவிடும் நிலை வந்தது. இளைஞருள் ஒருவர்க்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது; மற்றவர் இரவுப் பணிக்கு மாற்றப்பட்டார். அரையாண்டுத் தேர்வும் நெருங்க, மாணாக்கர் மூவரே எஞ்சினர். தன்னார்வப் பணியில் வருகவென்று கட்டளையிட எவர்க்கும் உரிமையில்லை. வராதவர்மேல் வருந்தவும் உரிமையில்லை, ஆயினும் வருந்தினோம்.

அந்நாள்களில்தான் நொச்சியத்திலிருந்து வரும் பதினோராம் வகுப்பு மாணவி ஒரு வினா எழுப்பினாள். 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தான் மொழியில் கேட்டால் ஐந்து என்கிறதே, மூன்றல்லவா? தொலைபேசியில் பெங்களூர் இளைஞரைக் கேட்டோம். ஒருங்குறியில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி இடம்பெறும் என்றார். எஞ்சியதை விளக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. இலக்கணத்தில் க் என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்து க ஆகிறது. ஒருங்குறியிலோ க என்பதே அடிப்படை. அதனோடு புள்ளி சேர்ந்தே க் பிறக்கிறது. நம் இலக்கணத்தைத் தலைகீழாக்கிய அமைப்பு அது! தமிழாசிரியர் ஒருவர் நிரல் வகுப்பில் பயன்பட்ட அரிய பொழுது என அதனைக் கூறலாம்.

அவள் அத்துடன் விடவில்லை. 'விகடகவி'யைத் திருப்பிப் படிக்கச் சொன்னாள். கணினி, முதலெழுத்தே இல்லாமல் ஓர் இகரக் குறியைத் தலையில் நிறுத்தி, இரண்டும் வேறு சொல் என்றது. மாலைமாற்றுப் பாடிய மொழியில் இப்படி ஓர் இழுக்கா என்று மூவரும் கொதித்தனர். மூன்று ஞாயிறுகள் போராடி, குறியோ புள்ளியோ வந்தால் அதனை முன்னெழுத்தோடு சேர் என்னும் நிரலை அவர்களே எழுதினர். தமிழ் மூன்றெழுத்தாயிற்று, விகடகவியும் விகடகவி ஆயிற்று. இப்பணிக்கென ஆர்வலர் ஆக்கிய 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரற்றொகுப்பு முன்னரே உண்டென்பது பின்னர்த் தெரிந்தது. அதனால் அவர்கள் சோரவில்லை. தங்கள் விடையோடு அதனை ஒப்பிட்டு, ஒத்திருக்கிறது என்று ஆர்ப்பரித்தனர்.

தேர்வு முடிந்ததும் மூவரும் இச்செய்தியைத் தத்தம் பள்ளியில் சொல்லித் திரிந்தனர். நாம் ஒட்டிய சுவரொட்டிகள் செய்யாததை அது செய்தது. இன்று மூன்று பாய்கள் போதவில்லை. சான்றிதழ் கேட்ட தந்தையருள் ஒருவர் தம் இளைய மகளையும் சேர்த்துவிட்டார்; காரணம் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. நொச்சியத்தில் ஒரு திண்ணையிலும் சனிதோறும் வகுப்புக் கூடுகிறது. அங்கே கற்பிப்பவள் அம்மாணவியே. மாலை மங்குமுன் பெண்பிள்ளைகளை வீடு சேர்க்க வேண்டுமென்பதால், நான்கு மணிக்கே முடித்துவிடுகிறாள்.

இருக்கும் மடிக்கணினிகளுள் இரண்டு பழுதுற்றுக் கிடக்கின்றன. பயனின்றிப் பழைய கணினி வைத்திருக்கும் பெரியோர் தமிழ்த்துறையில் ஒப்படைத்தால், ஞாயிறன்று நாமே மாடிக்குச் சுமந்து செல்வோம்.