அகிஹபாராவில் ஒரு பற்சக்கரம் தேடி

டோக்கியோ நகரின் அகிஹபாரா இரயில் நிலையத்தில் இறங்கி, ‘மின்சார நகரம்’ எனப் பெயர் பொறித்த வாயில் வழியே வெளிவந்தால், இருப்புப்பாதையின் அடியிலேயே ஒரு கடைவீதி தொடங்குகிறது. தலைக்கு மேலே சோபு தடத்து இரயில்கள் ஓடும் அதிர்வு; கீழே, எதிரெதிரே வரும் இருவர் தோள் உரசாமல் கடக்க இயலாத குறுகிய சந்து. இருபுறமும் சுவிட்சுகளும் மின்தேக்கிகளும் கம்பிச் சுருள்களும், மளிகைக் கடையின் பருப்பு வகைகளைப் போலப் பெட்டி பெட்டியாகப் பரப்பப்பட்டுள்ளன. இதுவே ‘ரேடியோ சென்டர்’. அலுவல் நிமித்தம் சென்ற ஆண்டு ஜப்பான் சென்ற நான், கிடைத்த ஒரே ஓய்வு நாளை இங்குக் கழித்தமைக்குக் காரணம் என் வாப்பா.

1993இல் வாப்பா சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது, கையடக்கமான சிடி பிளேயர் ஒன்றை வாங்கி வந்தார்கள். பிற்காலத்தில் கண் அழுத்த நோயால் அவர்கள் பார்வையை இழந்தார்கள். அதன்பின் அக்கருவியே அவர்களுக்கு இரவுத் துணையாயிற்று. எந்தப் பொத்தான் எங்கே உள்ளது என்பதை விரல்கள் அறிந்திருந்தன. நான் வாங்கித் தந்த கைப்பேசியோ வெறும் வழவழப்பான கண்ணாடி. “இதுல பிடிக்கிறதுக்கு ஒன்னும் இல்லையே, வாப்பா” என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

அக்கருவி பழுதுற்றது. தட்டு சுழலும், முதற்பாட்டு தொடங்கும், சற்று நேரத்தில் ஒரே இடத்தில் நின்று தடுமாறும். இரு கடைகளில் “லென்ஸ் போய்விட்டது; தூக்கி எறியுங்கள்” என்றனர். மனம் ஒப்பாமல் நானே திறந்து பார்த்தேன். லென்ஸ் இருக்கும் பகுதியை நகர்த்தும் சிறு பிளாஸ்டிக் பற்சக்கரத்தில் மயிரிழை போன்ற விரிசல்! அது ஒன்றுதான் தேவை. ஆனால் அதைத் தனியே விற்பார் எவருமில்லை.

மரக்கட்டையில் பிறந்த கருவி

வீட்டில் வைத்துக் கேட்கும் முதல் சிடி பிளேயரைச் சோனி நிறுவனம் 1982 அக்டோபரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 1,68,000 யென். சாமானியர் எட்டிப் பார்க்க இயலாத விலை அது. அப்போது கோசோ ஓசோனே என்னும் நிறுவன அதிகாரி, சுமார் 13 சென்டிமீட்டர் அகலமும் 4 சென்டிமீட்டர் கனமும் கொண்ட மரக்கட்டை ஒன்றைக் காட்டி, “இந்த அளவுக்குள் செய்யுங்கள்” எனப் பொறியாளர்களைப் பணித்தாராம். அதன் விளைவே 1984 நவம்பரில் வெளிவந்த ‘டி-50’. விலை 49,800 யென். முன்னதில் மூன்றிலொரு பங்கினும் குறைவு! உலகெங்கும் பழங்கருவி சேகரிப்போர் இன்று தேடியலைவது இதனையும் இதன் வழிவந்தவற்றையுமே.

சிடி என்பது 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு. லேசர் கதிர் அதன் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்ந்து, நுண்ணிய குழிகளைப் படிக்கின்றது. நடுவில் நிமிடத்திற்குச் சுமார் 500 சுற்று. விளிம்பை நெருங்கும்போது 200 சுற்று. அந்நகர்ச்சியைத் தருவது பற்சக்கரமே. அது நின்றால் யாவும் நின்றுவிடும்.

‘ஜங்க்’ என்னும் சீட்டு

போருக்குப் பின், வறுமையுற்றிருந்த டோக்கியோவில், இப்பகுதியின் தெருவோரங்களில் வானொலி உதிரிப் பாகங்கள் விற்றோர் பலர். 1949இல் தெருக்கடைகளை அகற்ற ஆணை பிறந்தது. அவ்வாறு அகற்றப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் இருப்புப்பாதையின் அடியில் இடம்பெற்றனர். பழையதைப் பழுதுபார்த்துப் பிழைத்த அம்மரபு இன்னும் அங்கே எஞ்சியிருக்கின்றது.

ரேடியோ சென்டரில் பற்சக்கரம் கிட்டவில்லை. பின்தெருக்களில் அலைந்து, மூன்றாவது கடையின் பிளாஸ்டிக் கூடையில், கேட்பாரற்ற கருவிகளுக்கிடையே வாப்பாவின் கருவியின் இரட்டைப் பிறவியைக் கண்டேன். 800 யென். ‘ஜங்க்’ என்னும் சீட்டு ஒட்டியிருந்தது. ஓடுமா என்பதற்கு உறுதியில்லை. திருப்பித் தரவும் இயலாது என்பது அதன் பொருள். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. முதியவரான கடைக்காரரிடம் பற்சக்கரத்தைச் சைகையால் உணர்த்தினேன். அவர் மூடியைத் திறந்து, உருப்பெருக்கியை என் கையில் தந்தார். விரிசல் இல்லை! அதனுடன் இருந்த அடாப்டரை மட்டும் நான் எடுக்கவில்லை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்; அதற்கென்றே செய்யப்பட்டதை நம் ஊரின் 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துபோகும்.

ஊர் திரும்பியதும், வாப்பாவை அருகில் அமர்த்திக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். கெட்டிப்பட்ட பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது தடவினேன். ஆல்கஹால் தொட்ட பஞ்சால் லென்ஸை மெல்ல ஒற்றினேன். (கருவியைத் திறந்து ஓட்டும்போது லென்ஸினுள் உற்று நோக்குதல் ஆகாது; அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாதது; ஆயினும் கண்ணைக் கெடுக்கும்.) பற்சக்கரத்தை மாற்றி மூடினேன்.

வாப்பாவின் விரல் தயங்காமல் பொத்தானைக் கண்டுபிடித்தது. முதற்பாட்டு முடிந்தது; இரண்டாவது வந்தது; மூன்றாவதும் வந்தது. நான் மூச்சை விட்டேன்.

இப்பற்சக்கரமும் அதே வயதினது. என்றேனும் விரிசல் விடும். அதை வாப்பாவிடம் மறைக்கவில்லை. “நானும் அப்படித்தானே! ஓடுற வரைக்கும் ஓடட்டும்” என்று சிரித்துவிட்டு, “மிச்சமுள்ளதைத் தூரப் போட்டுடாதே; இன்னொருத்தருக்கு உதவும்” என்றார்கள்.

எஞ்சிய பாகங்கள் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கின்றன.