உப்பரிகை

இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்திக் குதிக்கச் சொன்ன சாத்தான், சான்றாகக் காட்டியது 91ஆம் சங்கீதத்தை. ஆனால் ஒரு சொற்றொடரை விட்டுவிட்டான். (தமிழாசிரியனுக்கு விடுபட்ட சொல்தான் முதலில் கண்ணில் படும்.) தூதர்களின் காவல், நாம் நடக்கும் வழிகளுக்கு உரியது என்கிறது சங்கீதம். குதிப்பது எந்த வழியிலும் சேராது.

இயேசுவின் மறுமொழி உபாகமத்திலிருந்து. அதன் பின்னே, மாசாவில் மோசேயோடு வாதாடிய கூட்டம் நிற்கிறது. அவர்களது தாகம் குற்றமன்று. கடவுள் உடனிருப்பதற்குத் தண்ணீரையே அத்தாட்சியாகக் கேட்டதுதான் சோதனை.

2020இல் அம்மா அச்சங்கீதத்தை இரவுதோறும் வாசித்தார். ஆலயங்கள் மீண்டும் திறந்தபோது, முகக்கவசம் அணிவது விசுவாசக் குறைவு என்றார் உறவினர் ஒருவர். அம்மா பதிலேதும் சொல்லவில்லை. கவசத்தின் நாடாவைக் காதில் மாட்டிக்கொண்டு ஆராதனைக்குக் கிளம்பினார்.