கடிக்காது என்றால் போதுமா?

ஆகஸ்ட் 24, 2025, ஞாயிறு

டீக்கடையில் இன்று நாய்ப் பேச்சுதான். டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன 11ஆம் தேதி உத்தரவை உச்ச நீதிமன்றம் முந்தாநாள் திருத்திவிட்டது. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது. கடையில் பாதிப் பேருக்கு இது சரி, பாதிப் பேருக்குக் கொதிப்பு. வேப்பம்பட்டு ஸ்டேஷனில் கடைசி லோக்கலில் இறங்கி, விளக்கில்லாத மனைப்பிரிவுத் தெருவில் தனியாக நடந்து வருகிறவரிடம் நாய்ப்பாசம் பேசிப் பயனில்லை என்பது என் கட்சி.

வீட்டு நாய்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பல வீடுகளில் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இருக்கிறது: லட்டு, பெண், வெள்ளை, சடை. கதவு திறந்ததும் வருகிறவர் மேல் தாவும்.

ஆகஸ்ட் 27, புதன். பிள்ளையார் சதுர்த்தி

கொழுக்கட்டைக்கு வந்த நாலு பேரில் மூன்று பேர் புடவையில் கால் தடம். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். தாவும்போது முழங்காலால் நெஞ்சில் இடி. பின்கால் விரலை மிதி. முன்கால் இரண்டையும் பிடித்து, கத்துகிற வரை அழுத்து. பழைய நாய்ப்பயிற்சிப் புத்தகங்களிலும் இதெல்லாம் உண்டு. லட்டு மாதிரி சின்ன ஜாதிகளுக்கு முழங்கால் சில்லு இடம் பெயரும் கோளாறு சகஜம். அதன் மேல் இடித்தால் கால் போகும், இல்லையென்றால் ஆளைக் கண்டாலே கடிக்கிற குணம் வரும். இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

“பாமரேனியன் என்றாலே இப்படித்தான்” என்றார் எதிர்வீட்டு அக்கா. நம் ஊரில் பாமரேனியன் என்று விற்பவற்றில் பல இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர் காலத்தில் வந்த ஐரோப்பிய நாய்களின் வழியில், நம் வெயிலுக்குப் பழகிப்போன ஜாதி. 1994இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ இந்திப் படத்தில் வரும் டஃபி இந்த ஜாதிதான். தாவுவதற்கு ஜாதி காரணமில்லை. ஓநாய்க் குட்டிகள் இரை தின்று திரும்பும் தாயின் வாயை நக்கும். தாய் கக்கிக் கொடுக்கும். நாய்க்குட்டிக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வணக்கம் சொல்ல அதற்கு நம் முகம் வேண்டும். முகமோ அஞ்சடிக்கு மேலே இருக்கிறது. அதனால்தான் தாவல். திமிர், ஆதிக்கம் என்றெல்லாம் சொல்வது நம் கற்பனை.

ஆகஸ்ட் 30, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. கேஸ்காரர் தோளில் சிலிண்டரோடு கேட்டுக்கு வெளியே நின்று “சார், நாயக் கட்டுங்க” என்றார். ஊரிலிருந்து வந்திருந்த மச்சான் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “அது ஒண்ணும் பண்ணாதுப்பா, கடிக்காது, சும்மா வா” என்றார். கேஸ்காரர் அசையவில்லை. நான் கட்டிய பிறகுதான் உள்ளே வந்தார்.

நியாயம் அவர் பக்கம். உள்ளே 14.2 கிலோ கேஸ், இரும்போடு சேர்த்தால் முப்பது கிலோவுக்குப் பக்கம். அதைச் சுமந்துகொண்டு படியேறும் காலுக்கிடையில் ஒரு நாய் துள்ளினால், அது கடிக்குமா கடிக்காதா என்பதா கேள்வி? இன்னொன்றும் கவனித்தேன். சம்பந்தி வீட்டார் வந்தால் நாயைத் தூக்கிக்கொண்டு “மன்னிச்சிக்குங்க” என்கிறோம். கேஸ்காரருக்கும் கீரைக்கார அம்மாவுக்கும் கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவருக்கும் “கடிக்காது” மட்டும்தான் கிடைக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1951இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் விலங்குகளுக்குக் கற்பிப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குழந்தைகள் கையில் வைத்து ‘டிக் டிக்’ என்று அழுத்தும் தகரப் பூச்சி பொம்மை போதும் என்கிறார். சரியாகச் செய்த கணத்தில் ஒரு ‘டிக்’, உடனே ஒரு துண்டுத் தீனி. அதே கட்டுரையில் பெற்றோரையும் ஒரு பிடி பிடிக்கிறார். மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பாத தாய், பிள்ளை கத்தினால் மட்டும் திரும்புகிறாள். கத்தச் சொல்லிக்கொடுத்தது அவளேதான் என்கிறார்.

சரி, தாவுவதற்கு எங்கள் வீட்டில் யார் யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். மனைவி “சீ, கீழ எறங்கு” என்று இரண்டு கையாலும் தள்ளுகிறாள். நாய்க்கு அது தொட்டுப் பேசுவது, ஆகவே சம்பளம். மகள் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் அள்ளி எடுக்கிறாள், அது போனஸ். திட்டு, தள்ளு, முறைப்பு எல்லாமே நாயின் கணக்கில் வரவு.

செப்டம்பர் 7, ஞாயிறு

தாவலை நிறுத்தும் முறை இதுதான். காலிங் பெல் அடித்ததும் கழுத்துப் பட்டையில் கயிறு. கயிற்றை ஒருவர் மிதித்துக்கொள்ள வேண்டும்; நாய் நிற்கலாம், உட்காரலாம், தாவ மட்டும் நீளம் எட்டக்கூடாது. வருகிறவர் அதைப் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, கை நீட்டக்கூடாது. தாவ முயன்றால் கையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டிவிட வேண்டும். நாலு காலும் தரையில் பட்ட அந்த நொடியில் தீனி. தீனியைக் கையில் நீட்டாமல் தரையில் போட வேண்டும், அப்போதுதான் மூக்கு கீழே போகும். பிறகு ‘உட்கார்’. உட்கார்ந்துகொண்டே தாவ எந்த நாயாலும் முடியாது; இந்த வித்தையின் சூட்சுமம் அவ்வளவுதான். செய்யாதே என்பதைவிட இதைச் செய் என்பது நாய்க்குச் சீக்கிரம் புரிகிறது. தீனி, உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு, சுண்டுவிரல் நக அளவு.

செப்டம்பர் 12, வெள்ளி

மோசமாகிவிட்டது. முதுகைக் காட்டினால் சுற்றி வந்து தாவுகிறது, குரைக்கிறது, லுங்கியைப் பிடித்து இழுக்கிறது. “ஏங்க, இருந்ததும் போச்சே” என்கிறாள் மனைவி. வழக்கமாக வரும் கூலி நின்றால் விலங்குகள் பல நேரம் முதலில் இன்னும் கூடுதலாக முயலும், பிறகுதான் விடும் என்பது ஆய்வுக்கூடங்களில் பலமுறை கண்ட விஷயம். பல வீடுகளில் “எல்லாம் செய்து பார்த்தோம், திருந்தவில்லை” என்று கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். இங்கே மனம் இளகி ஒரு தடவை தூக்கிக் கொஞ்சினால், இவ்வளவு கத்தினால்தான் கிடைக்கும் என்று அது படித்துக்கொள்ளும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எதிர்வீட்டுப் பிள்ளைகளை விருந்தாளிகளாக வரவழைத்தோம். சொன்னபடி செய்வதில் குழந்தைகளுக்கு இணை கிடையாது. பெல், முதுகு, காத்திருப்பு, தீனி எல்லாம் ராணுவ ஒழுங்கில் நடந்தது. லட்டு மளமளவென்று உட்கார ஆரம்பித்தாள்.

கெடுத்தது பெரியவர்கள். பின்தெரு நண்பர் மாலையில் வந்தார். “பரவாயில்லை விடுங்க, எனக்கு நாய்னா உயிர்” என்று குனிந்து இரண்டு கையாலும் வாரிக்கொண்டார். பத்து பேர் கொடுக்காவிட்டாலும் பதினோராவது ஆள் கொடுத்தால் பழக்கம் சாகாது. எப்போதாவது கிடைக்கும் கூலிதான் பழக்கத்தை நெடுநாள் நிலைநிறுத்துகிறது என்று ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957இல் ஒரு தடிப் புத்தகமே போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் புறாக்களை வைத்துக் கண்டது. லாட்டரிச் சீட்டு வாங்கியவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். நாய்க்குப் பயப்படும் விருந்தாளியால் பயிற்சிக்கு ஒரு கெடுதலும் இல்லை. நாய்ப்பிரியர்தான் எதிரி.

செப்டம்பர் 21, ஞாயிறு. மகாளய அமாவாசை

திருவள்ளூர் போகிற ரயில்களில் காலையிலிருந்து கால் வைக்க இடமில்லை. வீரராகவப் பெருமாள் கோயில் குளக்கரையில் தர்ப்பணம் கொடுக்க அமாவாசை தோறும் கூட்டம். மகாளயம் என்றால் கேட்க வேண்டாம். திரும்பும் வழியில் சித்தப்பாவும் அத்தையும் இங்கே இறங்கினார்கள். முன்னோருக்குக் கொடுத்துவிட்டு வந்த உடம்பு, நாய் பட்டால் மறுபடி குளியல்.

இன்றைக்குப் பரிசோதனை வேண்டாம் என்று லட்டுவை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம், கடித்து விளையாட ஒரு கேரட்டோடு. இதைத் தோல்வி என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாவ வாய்ப்பே கிடைக்காத ஒவ்வொரு வருகையும் லாபம்தான். சாப்பாட்டுக்குப் பிறகு சித்தப்பாவே கேட்டார், “எங்கடா அந்தக் குட்டி?” கயிற்றோடு கொண்டுவந்தோம். அவர் முன்னால் உட்கார்ந்தாள். அத்தை மடியில் ஒரு கால் வைத்துவிட்டாள். இரவு கொலுப்படி கட்டினோம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று உலக வெறிநோய் நாள். லூயி பாஸ்டர் இறந்த தேதி. அவர் பெயரால் குன்னூரில் 1907இல் தொடங்கிய நிலையம் பல தலைமுறைகளாக வெறிநோய்த் தடுப்பூசியைத் தயாரித்தது. ஆனாலும், கடி பட்டால்தான் ஊசி என்ற எண்ணம் போகவில்லை. ரத்தம் வராத நகக்கீறல் ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது இரண்டாம் வகை, தடுப்பூசி தேவை. ரத்தம் வந்தால் மூன்றாம் வகை. காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலினும் சேரும். முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் கூடாது. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசி முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்களில், இலவசம். வீட்டு நாய்தானே என்று நாமே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ‘கடிக்காத’ நாயின் ஒரு தாவல், வந்தவரை நாலு முறை ஆஸ்பத்திரிக்கு அலைய வைக்கும்.

லட்டு இப்போது பத்துக்கு ஏழெட்டு பேரிடம் உட்காருகிறாள். பட்டுப்புடவை சரசரத்தால் இன்னும் நிலைகொள்ளவில்லை.

சரஸ்வதி பூஜை வரை எங்கள் வீட்டில் கொலு உண்டு. வருகிறவர்கள், நாய் உட்காரும் வரை அதைப் பார்க்காதீர்கள். பிடிக்காதவர்களும் பயப்படுகிறவர்களும் கேட்டிலிருந்தே ஒரு குரல் கொடுங்கள், கட்டிவிடுகிறோம். அதற்காகச் சங்கடப்பட வேண்டாம். சர்க்கரைப் பொங்கலை மட்டும் அதற்குப் போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.