கக்கத்து நோவு

மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வழியிலுள்ள பலாபத்வலையிலே தமிழ் கற்பிப்பது என் தொழில். உடற்கூற்றியல் எனக்கு அந்நியமான துறை. எனினும், சென்ற ஆண்டு ஏழாந் தர மாணவி ஒருத்தியின் கேள்வி என்னை அத்துறை நூல்களின் பக்கம் துரத்திவிட்டது. ஏற்புவலிக்கும் தொண்டைக்கரப்பனுக்கும் எதிரான தடுப்பூசியைப் பாடசாலையில் ஏற்றிக்கொண்ட மறுநாள் அவள் கேட்டாள்: “சேர், ஊசி போட்டது தோளில, கக்கத்தில ஏன் நோகுது?”

விடையைத் தேடிக் கண்டேன். ஊசி பட்ட இடத்திலே, மரக்கிளைபோற் கரங்களை நீட்டும் ஒருவகைக் கலங்கள் கூடுகின்றன. கிளைக்கலங்கள் என அவற்றைச் சொல்லலாம். 1973இல் நியூயோர்க்கிலே ரால்ப் ஸ்ரைன்மனும் சன்வில் கோனும் அவற்றை இனங்கண்டனர். விஞ்ஞானிகள் பலர் நெடுங்காலம் ஐயுற்றனர். 2011இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது ஸ்ரைன்மன் இறந்து மூன்று நாட்களாகியிருந்தன.

கிளைக்கலம் வேற்றுப்பொருளை விழுங்கித் துண்டாக்கி, நிணநீர் வழியே கக்கத்திலுள்ள நிணநீர்க் கணுவை அடைகிறது. அங்கு திரண்டிருக்கும் ரி கலங்களுள் அத்துண்டை அறியவல்லவை மிகமிகச் சில. அவற்றுக்கு அது இரு செய்திகளைத் தருகிறது. பகை இன்னதென்பது முதலாவது. ஆபத்து மெய்யென்பது இரண்டாவது. முதற் செய்தி மட்டும் கிடைப்பின் ரி கலம் கிளர்ந்தெழாது, செயலற்று அடங்கிவிடும். நம் உடலை நம் படையே தாக்காதிருக்க அமைந்த காவல்களுள் இதுவும் ஒன்று. தடுப்பூசியிற் சேர்க்கப்படும் அலுமினிய உப்பு இரண்டாஞ் செய்தி பிறக்கத் துணைபுரிகிறது. இரண்டையும் பெற்ற ரி கலம் பல்கிப் பெருகுகிறது. பிறபொருளெதிரிகள் உண்டாகவும் உதவுகிறது. அந்தப் பெருக்கத்தினாற் கணு வீங்குகிறது, கக்கம் நோகிறது.

இவற்றைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். “அப்ப, எனக்குள்ள சண்டைக்கு ஆள் சேருது, சேர்!” என்று சிரித்தாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். வெறுந் தேத்தண்ணி என்றாள். அவளுடைய பெற்றோர் தோட்டத்து நாட்கூலிகள்.

நீடித்த போசணைக் குறைவு, ரி கலங்கள் முதிரும் தைமசுச் சுரப்பியையே சுருக்கிவிடும் என்று அதே நூல்களிற் படித்திருந்தேன். அதை மட்டும் அவளிடம் சொல்ல என் நா எழவில்லை.

லயன் அறைப் பிள்ளைக்கும் தடுப்பூசியை இலவசமாகக் கொண்டுசேர்த்தது இந்நாட்டின் அரிய சாதனை. அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால், தூதன் செய்தியோடு ஓடிவந்தாற் போதுமா? கேட்டெழும் படைக்குச் சோறு வேண்டாமா? அந்தச் சோற்றுக்குரிய கூலியைக் கேட்கும் தொழிலாளியின் குரலும் நோய்த்தடுப்பின் ஒரு பகுதியே என்பதை, ஆசிரியர்களாகிய நாமாவது உரக்கச் சொல்வோம்.