துக்க வீட்டுப் பெசகா

ஓராண்டுக்குள் சாவு கண்ட வீட்டில் பெரிய வியாழனன்று அப்பம் சுடக் கூடாது. உறவுக்காரர்களோ அண்டை வீட்டாரோதான் அப்பமும் பாலும் கொண்டுவந்து தர வேண்டும். பெரிய வியாழனைப் பெசகா என்று கொண்டாடும் கேரளத் தோமா கிறிஸ்தவர்களின் வழக்கம் இது. பாலாவிலிருந்து எங்களோடு வந்து தங்கிய மாமியார் சொல்லிக்கொடுத்தார். நான் பாம்பன்காரி. எங்கள் ஊரில் பெரிய வியாழன் என்றால் பாதம் கழுவும் பூசை, மறுநாள் கோயிலில் கஞ்சி.

பெசகா அப்பத்தில் புளிப்பு ஆகாது. பச்சரிசி மாவில் உளுந்து, தேங்காய், சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் அரைத்துச் சேர்த்து, மாவு பொங்குமுன் ஆவியில் வைத்துவிட வேண்டும். மேலே, குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையில் ஒரு சிலுவை. வெல்லம், தேங்காய்ப்பால், சுக்கு, ஏலம் சேர்த்துக் காய்ச்சுவதைத்தான் பால் என்பார்கள். செபம் முடிந்ததும் மாமியார் அப்பத்தைப் பிட்டு, பெரியவர் முதல் பிள்ளைகள் வரை கையில் கொடுப்பார். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து கிளம்பிய இரவை நினைத்து யூதர்கள் உண்ணும் பாஸ்கா விருந்தின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது.

அவர் இறந்த பிறகு வந்த முதல் பெரிய வியாழன் 2022 ஏப்ரல் 14. அன்றே சித்திரை முதல் நாள். ரமலான் நோன்பும் நடந்துகொண்டிருந்தது. நள்ளிரவு முதல் 61 நாள் மீன்பிடித் தடை என்பதால் விசைப்படகுகளெல்லாம் கரை சேர்ந்துவிட்டன. பாம்பனில் எங்களுக்கு யார் பெசகா கொண்டுவரப்போகிறார்கள் என்று மனம் கசந்துபோய் உட்கார்ந்திருந்தேன். யார் வீட்டுத் துக்கத்துக்கும் முதலில் சோறு கொண்டுபோகிறவள் நான். எனக்கென்று ஒருவர் பாத்திரம் ஏந்தி வருவதை நினைத்தாலே கூசியது.

காலையிலேயே எதிர்வீட்டு அக்கா வேப்பம்பூப் பச்சடி கொடுத்தனுப்பினார். மாலை பாங்கு சொல்வதற்குச் சற்று முன் பக்கத்து வீட்டு லாத்தா தூக்குவாளியில் நோன்புக் கஞ்சியோடு வந்தார். குருணை, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால். “கறி போடலம்மா. உங்களுக்குத் தவக்காலம்ல, தனியா காய்ச்சினேன். உங்க மாமியா இருந்தா இந்நேரம் அப்பம் வந்திருக்கும்” என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் நோன்பு திறக்கும் நேரத்தையும் மறந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பூசை முடிந்து வந்து அந்தக் கஞ்சியைச் சுற்றித்தான் அமர்ந்தோம். என் கணவர் வழக்கம்போல யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தை வாசித்தார். ஓர் ஆட்டுக்குட்டியை உண்ண வீட்டில் ஆள் போதாவிட்டால் அடுத்த வீட்டாரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. ஆண்டுதோறும் கேட்டிருந்தும் அன்றுதான் அது என் காதில் விழுந்தது. கசப்புக் கீரையோடு உண்ண வேண்டும் என்ற இடம் வந்தபோது மகள் பச்சடிக் கிண்ணத்தை நடுவில் நகர்த்தி வைத்தாள். யூதர் வீடுகளிலும் பசித்தவரெல்லாம் வந்து உண்ணுங்கள் என்று அழைத்துத்தான் பாஸ்கா கதையைத் தொடங்குகிறார்கள். இந்தக் கரைக்கும் அந்த அழைப்பு புதிதாக இருந்திருக்காது. கீழக்கரைக்குக் கிழக்கே, பாண்டியர் காலத் துறைமுகமான பெரியபட்டினத்தில் இருந்த ‘சூதப்பள்ளி’யைத் திருப்புல்லாணிக் கல்வெட்டு ஒன்று குறிப்பிடுகிறது. அது யூதர்களின் தொழுகைக்கூடம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

2023இல் பெரிய வியாழன் ஏப்ரல் 6. அதுவும் நோன்பு மாதம். துக்க ஆண்டு முடிந்திருந்ததால் நானே மாவு அரைத்தேன். சிலுவை வைத்த அப்பம் வீட்டாருக்கு மட்டும் என்பது மாமியார் வைத்த முறை, அதை மாற்றவில்லை. சிலுவை வைக்காத அப்பங்களை இரண்டு ஈடு கூடுதலாக அவித்து, பாங்குக்கு முன் லாத்தா வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் மகளிடம் கொடுத்தனுப்பினேன். லாத்தா தூக்குவாளி நிறையக் கஞ்சி ஊற்றித் திருப்பி அனுப்பினார். இரு கையாலும் வாங்கிக்கொண்டேன்.