பி-யில் போட்டால் மட்டும் போதுமா?

எங்க வீட்டு காருக்கு 18 வயசு. ஆட்டோமேட்டிக். தங்கமணிக்கு இடது முழங்கால் தகராறு, புனே டிராஃபிக்கில் கிளட்ச் மிதித்துக் கட்டுப்படியாகாது என்று செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரில் இருந்து அம்மா வந்திருந்தாங்க. மார்க்கெட் போய்விட்டு வந்து, அபார்ட்மெண்ட் வாசல் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, லீவரை பி-க்குத் தள்ளி, இஞ்சினை அணைத்தேன். ஹேண்ட்பிரேக்? போடலை. அதான் பி-யில் போட்டாச்சே என்கிற தெனாவட்டு. அம்மா இறங்கி, காய்கறிப் பையை எடுக்க டிக்கி பக்கம் போய் நின்னாங்க. நான் வலது காலை வெளியே வைத்ததும் வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது.

உள்ளே மிச்சம் இருந்த இடது காலால் தேடிப் பிடித்து பிரேக்கை மிதித்தபோது, பம்பருக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு முழம் இடம்.

"என்னடா, வண்டி தானா வருது?"

அவ்வளவுதான் கேட்டாங்க. திட்டியிருந்தா கூடத் தேவலை. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

இப்போ ஒரு சின்ன கொசுவத்தி. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே வண்டி சொல்லத் தொடங்கியிருந்தது. பி-யில் வைத்து சாவியைத் திருப்பினால் சத்தமே இருக்காது. என்-னுக்குத் தள்ளினால் உடனே ஸ்டார்ட் ஆகும். பேட்டரி போச்சு என்று நானே முடிவு பண்ணி, புதுசு வாங்கிப் போட்டேன். நல்லா இருந்த பேட்டரி, பாவம்! :-)

வண்டி உருண்ட மறுநாள் போன ஒர்க்‌ஷாப்பில், கியர்பாக்ஸையே இறக்கணும் என்று ஒரு தொகை சொன்னார்கள். மயக்கம் தெளிந்து, தெருக்கோடி மிஸ்திரியிடம் போனேன். வயசானவர். கீழே படுத்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "டப்பா டீக் ஹை சாப், தார் டீலா ஹை" என்றார். பெட்டி நல்லாத்தான் இருக்கு, கேபிள்தான் தளர்ந்திருக்கு.

விஷயம் இதுதான். நாம பிடிக்கிற லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரு கேபிள். அது கியர்பாக்ஸ் மேல் இருக்கும் சின்ன இரும்புக் கையைத் தள்ளும், இழுக்கும். அந்தக் கை பி-க்கு முழுசா வந்தால்தான் உள்ளே ஒரு கொக்கி பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து வண்டியைப் பூட்டும். ஸ்டார்ட்டருக்கு அனுமதி தருகிற சுவிட்சும் அந்தக் கையைத்தான் பார்க்கும், லீவரை இல்லை. என் வண்டியில் கேபிள் முனை பிளாஸ்டிக் புஷ் பொடிந்துபோயிருந்தது. மேலே பி, கீழே பி-க்கும் ஆர்-க்கும் நடுவில் திரிசங்கு. இப்படியே ஓட்டினால் டி-யிலும் ஆயில் பிரஷர் சரியாகப் போகாமல் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தேயுமாம்.

மிஸ்திரி செய்தது: சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். உள்ளே லீவர் என்-னில். கீழே கேபிளைக் கழற்றி, இரும்புக் கையை பி முனை வரைக்கும் தள்ளி, அங்கிருந்து ரெண்டு 'க்ளிக்' திரும்பினார். ஆர், என். ரெண்டு பக்கமும் இப்போ என். புது புஷ் போட்டு, கேபிளில் இழுப்பும் தொய்வும் இல்லாமல் நட்டை முடுக்கினார். (சில வண்டிகளுக்கு பி-யில் வைத்துச் செய்யணும். அந்தந்த வண்டி மேனுவல்படிதான்.) அப்புறம் சோதனை. பி, என் ரெண்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகணும். ஆர்-ல் மட்டும் ரிவர்ஸ் விளக்கு எரியணும். லேசான சரிவில் பி வண்டியைப் பிடித்து நிறுத்தணும். எல்லாம் பாஸ்.

இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை. பி-யில் விட்ட வண்டி தானா ரிவர்ஸுக்குப் போகிறது என்று அமெரிக்காவில் புகார் மேல் புகார் வந்து, ஃபோர்டு நிறுவனம் அரசோடு 1980-ல் செய்த உடன்பாட்டின்படி சுமார் 2 கோடியே 30 லட்சம் வண்டிகளுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்பியது. சாராம்சம்: லீவர் முழுசா பி-யில் இருக்கா பார், ஹேண்ட்பிரேக் போடு, இஞ்சினை அணை.

பேங்கில் தினமும் சாயங்காலம் புக்கில் இருக்கும் பாலன்ஸை நம்பாமல் பெட்டிப் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுகிறோம். 20 வருஷத்துக்கு மேல் அதைச் செய்கிற ஆள், ஒரு லீவர் பக்கத்தில் எழுதியிருந்த எழுத்தை நம்பி அம்மாவைப் பின்னால் நிற்க விட்டிருக்கேன்.

இப்போ நிறுத்தும்போது, கால் பிரேக்கில் இருக்க என்-னுக்குத் தள்ளி, ஹேண்ட்பிரேக் போட்டு, காலை எடுத்துப் பார்த்து, அப்புறம்தான் பி. பாரம் கொக்கி மேல் விழாது. பழைய ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறவங்க, பி-யில் ஸ்டார்ட் ஆகலைன்னா பேட்டரியைத் திட்டாமல் முதலில் கேபிளைப் பாருங்க.

அம்மா ஊருக்குக் கிளம்பின அன்னிக்கு ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தினேன். அவங்க கதவுப் பிடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாங்க. ஹேண்ட்பிரேக் 'கரகர'ன்னு இழுபடும் சத்தம் கேட்ட பிறகுதான் கதவைத் திறந்தாங்க. ஒண்ணும் சொல்லலை.