மனச்சிதைவும் மனைச்சூழலும்

உடலுக்கு நோய் வந்தால் மருத்துவரைத் தேடும் நம்மவர், உள்ளத்துக்கு நோய் வந்தால் முதலில் தேடுவது பழி சுமத்த ஓர் ஆளை. பெரும்பாலும் அந்த ஆள் பெற்ற தாயாகவே இருப்பாள்.

ஆழ்வார்பேட்டையில் வாழ்ந்த நம் பெரியும்மாவின் இல்லத்தில் இதனை நாம் அருகிருந்து கண்டோம். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அவருடைய இளைய மகன், தன்னைப்பற்றிப் பேசும் குரல்கள் கேட்பதாகக் கூறினான், உறக்கம் இழந்தான், சோற்றில் நஞ்சிருப்பதாக அஞ்சினான். மருத்துவர் அதனை மனச்சிதைவு நோய் என்றார். உறவினரோ, "வளர்த்த விதம் சரியில்லை" என்றனர். மகனின் நோயினும் அச்சொல்லே பெரியும்மாவை மிகுதியும் வாட்டிற்று.

அச்சொல் உண்மைதானா? 1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்னும் உளமருத்துவர், தாயின் போக்கே இந்நோயை விளைவிக்கக்கூடும் என்னும் கருத்தை முன்வைத்தார். பின்வந்த ஆய்வுகள் அதனை ஏற்கவில்லை. மரபுவழி வரும் நலிவும் மூளையின் வேதிமாற்றமும் இந்நோய்க்கு அடிப்படையாகின்றன. எனினும் ஒத்த இரட்டையருள் ஒருவரைப் பற்றிய நோய் மற்றவரைப் பற்றாமலும் போவதுண்டு. எனவே மரபு மட்டுமே முழுக்காரணம் அன்று. உள்ளே நலிவு உடையோரிடம் வாழ்வின் நெருக்கடி மிகும்போது நோய் வெளிப்படுகிறது என 1977-இல் சூபினும் ஸ்பிரிங்கும் விளக்கினர்.

அவ்வாறாயின் குடும்பத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு. நோயை உண்டாக்குவதில் அன்று. தணிந்த நோய் திரும்புவதில். குறைகூறலும் வெறுப்பும் அளவுகடந்த பொத்திக்காத்தலும் மிகுந்த வீடுகளில் நோய் மீண்டும் தலைதூக்குதல் மிகுதி என்பதை, இலண்டனில் ஜார்ஜ் பிரவுனும் உடன் ஆய்ந்தோரும் 1972-இல் காட்டினர். அதே அளவுகோலால் சண்டிகரில் ஆய்ந்தபோது, அத்தகைய வீடுகள் இலண்டனைவிட அங்குக் குறைவெனத் தெரிந்தது. ஆய்வு 1987-இல் வெளிவந்தது. நம் கூட்டுறவு வாழ்வின் பொறுமைக்கு இது சான்றெனலாம்.

பெரியும்மாவின் வீட்டில் மருந்து ஒருநாளும் தவறவில்லை. அதனோடு வீட்டின் பேச்சும் மாறிற்று. "சோம்பேறி" என்னும் சொல் நின்றது. பால் வாங்கிவருதல் போன்ற சிறு பொறுப்புகள் தரப்பட்டன. நோய் முற்றும் நீங்கிற்று எனக் கூறோம். ஆயினும் அவன் மீண்டும் நால்வரோடு அமர்ந்து உண்டான்.

மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், மருந்தோடு மறுவாழ்வுப் பயிற்சியையும் குடும்பத்தாருக்கான அறிவுரையையும் இணைத்தே வழங்கி வந்துள்ளது. மாறாக, நோயாளிகளைச் சங்கிலியால் பிணித்ததன் விளைவை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கண்டோம். ஓலைக்கொட்டகைத் தீயில் 28 பேர் மாண்டனர். துஆவை எவரும் கைவிட வேண்டியதில்லை. துஆவைக் காரணம் காட்டி மருந்தைக் கைவிடலாகாது என்பதே நம் வேண்டுகோள்.

சமுதாயப் பெரியோரே, மாணவச் செல்வங்களே! இத்தகைய வீட்டுக்குச் செல்ல நேரின், "ஏன் இப்படி ஆயிற்று?" எனத் தாயை வினவாதீர். நோயுற்றவரின் பெயர் சொல்லி அழைத்து, அவரிடமே நலம் கேளுங்கள். நெருக்கடி குறைந்த வீட்டை ஆக்குவதில் விருந்தினருக்கும் பங்குண்டு.